பனிக்காலத்தில் லால்பாக்: எப்போது போவது, எதைப் பார்ப்பது

கேள்வி இதுதான்: கிருஷ்ணகிரியிலிருந்து மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும். அரையாண்டு லீவில் போவதா, பொங்கல் லீவில் போவதா, இல்லை ஜனவரி 26-ஐ ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் போவதா? குளிர்காலத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கும்?

அரையாண்டு லீவில் போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். காலை ஆறு மணிக்கே கேட் திறந்துவிடுவார்கள். ஏழரை, எட்டுக்குள் நீங்கள் உள்ளே இருந்தால் நல்லது. மாமியார் கூட வருவதால் கண்காட்சி நாட்களை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருப்பவன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது லால்பாக் போய்விடுவேன், பெரும்பாலும் மார்கழியில்தான். பல வருஷம் முன்னால் ஒரு குடியரசு தினத்தன்று வீட்டோடு எட்டுப் பேர் போனோம். கண்ணாடி மாளிகைக்குள் பூவாலேயே பெரிய உருவம் ஒன்று செய்து வைத்திருப்பார்கள். அதைப் பார்க்க வரிசை. ஒன்றரை மணி நேரம் நின்று உள்ளே போனால், முன்னால் போகிறவர் முதுகுதான் தெரிந்தது. நின்று பார்க்க விடமாட்டார்கள், நகரு நகரு என்று விரட்டல். வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் ஏழு பேர்தான் இருக்கிறோம். அப்பாவைக் காணோம்.

முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு பழைய மாமரத்தடியில் இருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அடிமரத்துப் பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பட்டை கறுத்து, பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் பாசி படிந்திருந்தது. நான் திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "இது ஒட்டு இல்லடா, கொட்டையில வந்த மரம். அடியப் பாரு" என்றார். வாழ்க்கை முழுக்க மாந்தோப்பில் நின்றவர், அத்தனை லட்சம் பூவையும் விட்டுவிட்டு இதைத் தேடி வந்திருக்கிறார். அன்றைக்கு அங்கே உண்மையாகத் தோட்டம் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பூவுக்கு என்று போனால் எந்தப் பூங்காவும் போதும், லால்பாக்குக்கு மரம் பார்க்கப் போங்கள். மரம் பார்க்கப் பனிக்காலத்தை விட நல்ல காலம் கிடையாது. சில மரம் இலையைக் கொட்டியிருக்கும், சிலது கொட்டிக்கொண்டிருக்கும். கிளை எப்படிப் பிரிகிறது, எங்கே கவாத்து பட்டது, எந்தப் பக்கம் வெயிலைத் தேடிச் சாய்ந்தது, எல்லாம் வெளியே தெரியும். மழைக்காலத்தில் போனால் ஒரே பச்சை. அழகுதான், ஆனால் மரத்தின் உடம்பு தெரியாது.

அந்த மாமரங்களுக்கு வருகிறேன். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. அப்போது நாற்பது ஏக்கர் அளவில்தான் இருந்தது. இன்றைக்கு 240 ஏக்கர். தும்கூர் பக்கம் சீராவில் இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த ஆசை வந்தது என்பார்கள். பிறகு திப்பு சுல்தான் பெருக்கினார். 1788-இல் பிரான்ஸ் அரசரிடம் தூது அனுப்பியபோதுகூடத் தோட்டக்காரர்களும் விதைகளும் கேட்டு அனுப்பியவர் அவர். திப்பு இறந்த மறு வருஷம், 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் இந்தப் பக்கமெல்லாம் சுற்றி எழுதி வைத்த பயணக் குறிப்பில் லால்பாக் வருகிறது. சதுரம் சதுரமாகப் பாத்தி, நடுவில் நடைபாதை, ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள். ஒரு சதுரம் முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை. இன்றைக்கு அந்தக் கட்டம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்தவை என்று சொல்லப்படும் சில மாமரங்கள்தான் நிற்கின்றன. நம்ம ஊர்த் தோப்புகளில் குள்ளமாக, கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும் ஒட்டு மரங்களையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு மாமரம் இவ்வளவு பெரிதாகும் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு அங்கேயே இன்னொன்றையும் காட்டுங்கள். மா எப்படிப் பூக்கிறது? மழை நின்று, மண் காய்ந்து, மார்கழி ராத்திரிக் குளிர் ஒழுங்காக விழ வேண்டும். அப்போதுதான் கிளை நுனி மொட்டு பூவாக மாறும். மழை விடாமல் பெய்துகொண்டே இருந்தால் அதே மொட்டு துளிராகப் போய்விடும், அந்த வருஷம் காய் குறைந்துவிடும். கிருஷ்ணகிரியில் எத்தனையோ குடும்பத்துக்கு வருஷ வருமானம் இந்த மார்கழிக் குளிரில்தான் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சில மரங்களில் பூங்கொத்து எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கும். கைக்கு எட்டினால் பறிக்காமல் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரத்துக்கு மேலும் பூ இருக்கும். ஒவ்வொன்றும் எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. அதில் பெரும்பாலானவை ஆண் பூ. காயாகக்கூடிய இருபால் பூ குறைவு, அதிலும் கடைசிவரை காம்பில் நிற்பது ஒன்றோ இரண்டோதான்.

நம்ம ஊர்க் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் கிளிமூக்கு மாங்காயை நாம் 'பெங்களூரா' என்கிறோம். சௌசௌவைப் பெங்களூர் கத்திரிக்காய் என்கிறோம். மாங்காய்க்குப் பெயர் எப்படி வந்ததோ தெரியாது, ஆனால் அந்தக் கத்திரிக்காய் பெங்களூரிலிருந்து பரவியதற்கு இந்தத் தோட்டம்தான் காரணம். 1874-இலிருந்து 1908 வரை லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட ஜான் கேமரன் வெளிநாட்டுக் காய்கறி, பழம், மரம் என்று ஏராளமாகக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பார்த்து, பிடித்து வந்ததை வெளியே கொடுத்தார். அதில் ஒன்று சௌசௌ. இங்கிலீஷ் காய்கறி என்று நாம் சொல்லும் வகைகள் இந்த மேட்டு நிலத்தில் பரவியதிலும் லால்பாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஓசூர், தளி, ராயக்கோட்டை பக்கம் இன்றைக்கு முட்டைகோஸும் பீட்ரூட்டும் மூட்டை மூட்டையாக லாரி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டம் நினைவுக்கு வரும்.

கண்ணாடி மாளிகையும் கேமரன் காலத்ததுதான். 1889 நவம்பர் 30 அன்று விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். இரும்பு வார்ப்புகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. கண்காட்சி இல்லாத மார்கழிக் காலையில் அது காலியாக இருக்கும். எட்டு மணி வெயில் சாய்வாக விழும்போது ஓரத்தில் நின்று பாருங்கள். அந்தத் தூண்களின் வேலைப்பாடு அப்போதுதான் தெரியும். பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் அரக்கேரியா மரங்களைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் மரம் என்று அடையாளம் கண்டுபிடிப்பார்கள். அதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவு.

பார்த்தே ஆக வேண்டியது இலவமரம். இருநூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். அடிமரத்திலிருந்து வேர்கள் பலகை பலகையாகப் புறப்பட்டு நாலாபக்கமும் ஓடும். இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு பிள்ளை உள்ளே போய் நின்றால் வெளியே தெரியாது. நாம் தலையணைக்குப் பஞ்சு எடுக்கும் அதே இனம். உங்கள் மாமியாரிடம் இந்த இடத்தில் 'இலவு காத்த கிளி' கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால்தான் அதற்கு ருசி. காய் பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சாகப் பறந்துபோன கதை. பழமொழியில் வருவது நம் நாட்டு முள்ளிலவு என்பது என் எண்ணம். லால்பாக்கில் நிற்கும் வெள்ளிலவின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கிளிக்கு ஏமாற்றம் இரண்டிலும் ஒன்றுதான். மரத்தைச் சுற்றி வேலி போட்டிருந்தால் தாண்ட வேண்டாம். அந்த வேர் மேல் பேர் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பட்டைக்கு அடியில்தான் மரத்துக்குச் சாப்பாடு ஓடுகிறது, அதைக் கத்தியால் அறுக்கிறார்கள்.

பூவே இல்லையா என்று பிள்ளைகள் கேட்டால், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் பெங்களூர் முழுக்க இளஞ்சிவப்பு டபேபுயா பூக்கும். இலை உதிர்ந்து வெறும் கிளையெல்லாம் பூவாக நிற்கும். இதற்குப் பின்னால் ஒரு மனிதரின் யோசனை இருக்கிறது. கேமரனுக்குப் பிறகு 1908-இலிருந்து 1932 வரை பொறுப்பில் இருந்தவர் கிரும்பீகல் என்ற ஜெர்மானியர். வருஷத்தில் எந்த மாசம் நடந்து போனாலும் ஏதாவது ஒரு சாலையில் மரம் பூத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, பூக்கும் பருவம் பார்த்து மரங்களை வரிசைப்படுத்தி நட வைத்தவர். ஒரு மரம் உதிர்க்கும்போது இன்னொன்று பூக்கும். நர்சரிக்காரனாகச் சொல்கிறேன், இது சாதாரணக் காரியமில்லை. தான் இருந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்கிற வேலை. ஊர் திரும்பாமல் பெங்களூரிலேயே இருந்து 1956-இல் இறந்தார். அவர் கல்லறை ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. நாம் பஸ்ஸில் போகும் அதே சாலை.

டபேபுயா கண்ணில் படாவிட்டாலும் மரமல்லி ஏமாற்றாது. கார்த்திகை, மார்கழியில் ராத்திரி பூத்து விடிவதற்குள் கொட்டிவிடும். எட்டு மணிக்கு முன் போனால் நடைபாதையில் வெள்ளை வெள்ளையாக, நீளக் குழல் வைத்த பூக்கள் பனி ஈரத்தோடு கிடக்கும். ஒன்பது மணிக்குப் பெருக்கிவிடுவார்கள், அப்புறம் அந்த வாசனை கிடைக்காது. சீக்கிரம் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாறையை விட்டுவிடாதீர்கள். தோட்டத்துக்குள்ளேயே ஒரு பெரிய பாறைமேடு, அதன் உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைத் தினம் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு திட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் இந்த லால்பாக் பாறையின் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. 1975-இல் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தார்கள். காலையில் போனவுடன் ஏறினால் வெறும் காலுக்கு ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும், கீழே ஏரி மேல் புகை மாதிரி பனி நிற்கும். மாமியார் ஏற வேண்டாம், பனி ஈரத்தில் வழுக்கும். அவரைக் கீழே நிழலில்லாத பெஞ்சாகப் பார்த்து உட்கார வையுங்கள். இந்த மாசத்தில் வெயில்தான் சுகம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து கொண்டுபோய் வைத்த கல்மரம் ஒன்றும் தோட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டு கோடி வருஷப் பழசு. பார்வைக்கு மரம், தட்டினால் கல்.

நம்ம பக்கத்துத் தொடர்பு இரண்டு உண்டு, இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒன்று, திகளர்கள். ஹைதர் காலத்தில் தோட்ட வேலைக்குத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் சமூகம். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்கலையில் பேர் எடுத்தவர்கள். மார்ச், ஏப்ரல் வாக்கில் சைத்ர மாசப் பௌர்ணமியில் நடக்கும் பெங்களூர்க் கரகம் இவர்களுடையதுதான், திரௌபதிக்கு எடுப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தும் துரியோதனன் படுகளமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

இன்னொன்று தருமபுரியில் இருந்த ஒரு தோட்டம். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னர் ஆனவர். ஏழு வருஷம் நம் ஊர்களில் நிலம் அளந்து, வரி போட்டு, கூடாரத்தில் வாழ்ந்தார். அவர் தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் போட்டார். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பழைய மாந்தோப்பு, நடுவில் நூறடிச் சதுரத்தில் கல் படி வைத்த குளம். ஆரஞ்சு, மா, திராட்சை, அன்னாசி எல்லாம் வைத்திருந்தார். 1799-இல் கன்னட தேசத்துக்கு மாற்றலாகிப் போகும்போது தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, தருமபுரியில் இருந்தால் தினம் ஒரு மணி நேரமாவது அங்கே போய்விடுவேன், அதை விட்டுப் போவது பழைய நண்பர்களை விட்டுப் போவது மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார். அங்கே சீரங்கப்பட்டணம் விழுந்து லால்பாக் கைமாறிய அதே வருஷம். இரண்டு தோட்டமும் ஒரே நேரத்தில் வளர்த்தவர் கையை விட்டுப் போயிருக்கின்றன. லால்பாக்குக்கு அடுத்தடுத்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது, 1856-இல் அரசுத் தோட்டமாகவும் ஆனது. அதனால்தான் நாம் இன்றைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போகிறோம்.

சரி, போகிற வழி. கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். ஐந்து மணி பஸ் பிடித்தால் சூளகிரி தாண்டும்வரை மூடுபனி இருக்கும், ஜன்னல் ஓர சீட் வேண்டாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்ததிலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய நிம்மதி. அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறினால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டாமல் கடைசி ஸ்டேஷன் ஆர்.வி. ரோடு போய்விடலாம். அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி மூன்றாவது ஸ்டேஷன் லால்பாக். இறங்கினால் மேற்கு கேட். பொம்மசந்திராவில் பஸ் நிற்குமா என்று மட்டும் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர் நம்ம ஊரை விடக் கூடத்தான் இருக்கும், ஏறக்குறைய நானூறு மீட்டர் மேலே போகிறோம். காலையில் பதினைந்து, பதினாறு டிகிரி. பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மாமியாருக்கு ஒரு சால்வை, காதுக்கு ஒரு துண்டு போதும். கழற்றினால் கையில் சுமையாக இல்லாத துணியாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பேட்டரி வண்டி ஓடும். முதலில் அதில் ஒரு சுற்று போய்விட்டு, பிடித்த இடத்துக்கு மட்டும் நடக்கலாம். 240 ஏக்கரையும் நடந்து பார்க்க நினைக்க வேண்டாம். இலவமரம், கண்ணாடி மாளிகை, ஏரிக்கரை, மாமரங்கள், இந்த நாலு போதும். முன் கேட் வழியாக வெளியே வந்தால் 1924-இலிருந்து நடக்கும் மாவள்ளி டிபன் ரூம் பக்கத்தில்தான் இருக்கிறது. ரவா இட்லி நன்றாக இருக்கும், கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை லீவு.

கண்காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், வழக்கமாக 26-ஆம் தேதிக்குப் பத்து நாள் முன்னால் தொடங்கிவிடும். தொடங்கின மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வார நாளாகப் பார்த்து, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். அப்போது பூவும் வாடாமல் இருக்கும். பொங்கல் லீவு அதோடு சேர்ந்து வந்தால் கூட்டம் உண்டு, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பும்போது செடி வாங்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். பூச்செடி வாங்கலாம். மாங்கன்று, கொய்யாக் கன்று இந்தப் பனியில் வேண்டாம். ராத்திரிக் குளிருக்குப் புது வேர் சட்டென்று பிடிக்காது, அதற்குள் வெயில் காலம் வந்துவிடும். ஆடி பிறக்கட்டும். பூச்செடியைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், பஸ்ஸில் மேலே வைத்தால் குலுக்கலில் வேர்மண் உடைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தொட்டி மாற்றாமல் நாலு நாள் நிழலில் வைத்து, காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரிப் பனியில் அடித்தண்டு அழுகிவிடும்.